பிரஷர் ஏறினால் போதுமா?

ஐசியு கதவுக்கு வெளியே காத்திருக்கும் குடும்பத்துக்குப் புரிகிற எண் ஒன்றுதான்: பிபி. கதவு திறக்கும்போதெல்லாம் யாராவது எழுந்து போய், "சிஸ்டர், பிரஷர் ஏறிடுச்சா?" என்று கேட்பார்கள். ஏறிவிட்டது என்றால் ஊருக்கு ஃபோன் போகும், ஒருவர் டீ வாங்கக் கிளம்புவார். இறங்கிவிட்டது என்றால் பெஞ்சில் பேச்சு நின்றுவிடும். திருப்பதி ஆஸ்பத்திரி வராந்தாக்களில் இந்தக் கேள்வியைத் தெலுங்கிலும் கேட்கலாம், தமிழிலும் கேட்கலாம்.

கேள்வியில் தப்பில்லை. ரத்த அழுத்தம் அளவுக்கு மீறி இறங்கினால் சிறுநீரகம் படுத்துவிடும், மூளை மங்கும், கடைசியில் இதயமே நின்றுபோகும். ஆனால் உயிருக்குப் போராடும் ஒருவருக்கு இதயத் துடிப்பும் தாளம் தப்பியிருந்தால், அந்த எண்ணை மட்டும் நம்பி வைத்தியம் ஓடாது. எப்படி அளந்தார்கள், எந்த மருந்தால் ஏற்றினார்கள், அவருக்கு வழக்கமாக எவ்வளவு இருக்கும் என்பதெல்லாம் தெரியாத பிபி பாதி விவரம்தான். சின்ன ஆஸ்பத்திரியிலிருந்து பெரிய ஆஸ்பத்திரிக்கு ஒரு நோயாளியை அனுப்பும்போது, நம் ஊர்களில் வழியிலேயே தொலைந்துபோவது பெரும்பாலும் அந்த மறுபாதி.

காளஹஸ்தியை எடுத்துக்கொள்ளலாம். 2022 ஏப்ரலில் திருப்பதி மாவட்டம் உருவாகும்வரை சித்தூர் மாவட்டத்தில் இருந்த ஊர். பெரியபுராணத்தில் பொன்முகலி என்று வரும் சுவர்ணமுகி ஆறு, பஞ்சபூதத் தலங்களில் வாயுவுக்கு உரிய கோயில், ராகு கேது பரிகாரம். சென்னையிலிருந்து விடிகாலையில் கிளம்பினால் மதியத்துக்குள் பூஜையை முடித்துவிடலாம் என்பதால் தமிழ்நாட்டுக் கூட்டம் வருஷம் பூராவும் குறைவதில்லை. வருகிறவர்களில் வயதானவர்கள் நிறைய. வெறும் வயிற்றோடு பூஜையில் உட்கார வேண்டும் என்று காலை மாத்திரையைத் தள்ளிப்போடுகிறவர்களும் அவர்களில் உண்டு. ஊரில் அரசு ஏரியா ஆஸ்பத்திரி இருக்கிறது. கைமீறினால் 40 கிலோமீட்டருக்குள் திருப்பதி. அங்கே தேவஸ்தானத்தின் ஆதரவோடு 1993 முதல் இயங்கும் ஸ்விம்ஸ், அரசின் ருயா. அதற்கும் மேலே என்றால் வேலூர் அல்லது சென்னை.

இப்படி ஏற்றி அனுப்பப்படும் நோயாளிகளிடம் அடிக்கடி காணும் தாளக் கோளாறு ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன், டாக்டர்கள் வாயில் 'ஏஎஃப்'. நோயாளி சொல்வது "நெஞ்சு படபடங்குது". நிமோனியாவோ சிறுநீர்த் தொற்றோ முற்றி உடம்பு முழுக்கப் பரவும்போதும், பொட்டாசியமும் மக்னீசியமும் குறையும்போதும், இதய அறுவை சிகிச்சை முடிந்த நாட்களிலும் இது தலைகாட்டும். அதுவரை இதயத்தில் எந்தக் கோளாறும் இல்லாதவருக்குக்கூட ஐசியு கட்டிலில் முதல்முறையாக வரலாம்.

இதில் இதயத்தின் மேலறைகள் ஒழுங்காகச் சுருங்காமல் நடுங்கும். கீழறைகளுக்கு மின் சைகை முறையில்லாமல் வரும். ஆரோக்கியமான இதயத்தில் மேலறை கடைசியாக ஒரு தள்ளு தள்ளி, கீழறை நிரம்புவதில் ஐந்தில் ஒரு பங்கையாவது சேர்க்கிறது. ஏஎஃப் வந்ததும் அந்தத் தள்ளு போய்விடும். துடிப்பு நிமிஷத்துக்கு 150ஐத் தொட்டுவிட்டால் நிரம்புவதற்கே நேரம் கிடையாது. பஸ் ஸ்டாண்டில் ஷேர் ஆட்டோக்கள் ஆள் ஏறும்வரை காத்திராமல் அடுத்தடுத்துக் கிளம்பினால் எப்படி? ஒன்றில் ஏழு பேர், அடுத்ததில் ஒருவர், அதற்கடுத்தது காலி. வண்டி எண்ணிக்கை கூடும். போய்ச் சேருகிற ஆள் குறையும்.

ஆகவே இங்கே பிபி அளப்பதே ஒரு வித்தை. கையில் கட்டிய பட்டையைத் தானே ஊதி இறக்கும் மெஷின், தமனியின் அதிர்வுகள் சீராக ஏறி இறங்கும் என்ற நம்பிக்கையில் கணக்குப் போடுகிறது. ஏஎஃப்பில் ஒவ்வொரு துடிப்பும் ஒவ்வொரு வலு. அதனால் மெஷின் இப்போது 88 என்னும், இரண்டு நிமிஷம் கழித்து 112 என்னும், அதற்கடுத்து எண்ணே காட்டாமல் மறுபடி ஊதத் தொடங்கும். பல்ஸும் ஏமாற்றும். விரல் கிளிப் 98 காட்டிக்கொண்டிருக்கும். நெஞ்சில் ஸ்டெத் வைத்து எண்ணினால் 134 இருக்கும். வலுவில்லாத துடிப்புகள் விரல் நுனிவரை வந்து சேருவதில்லை.

பெரிய ஐசியுவில் மணிக்கட்டுத் தமனிக்குள் மெல்லிய குழாய் செருகி, துடிப்புக்குத் துடிப்பு அழுத்தம் பார்க்கிறார்கள். அந்த வசதி இல்லாத இடத்தில் பழைய வழிதான்: பட்டையை மெதுவாக இறக்கி, ஸ்டெத் வைத்துக் காதால் கேட்டு, குறைந்தது மூன்று தடவை எடுத்துச் சராசரி பார்ப்பது. ரஷ்ய ராணுவ டாக்டர் கொரோட்காஃப் 1905இல் சொன்ன முறை இது. ராத்திரி டூட்டியில் ஒரே நர்ஸ் வார்டு முழுவதையும் பார்க்கும் இடத்தில் இது ஆகிற காரியமா என்று கேட்கலாம். எல்லோருக்கும் ஆகாதுதான். துடிப்பு தாளம் தப்பிய அந்த ஒருவருக்கு மட்டும் செய்யச் சொல்வது அநியாயமான கோரிக்கை அல்ல.

சரி, ஒழுங்காக அளந்தாயிற்று. எவ்வளவு இருந்தால் போதும்? டாக்டர்கள் இங்கே மேல் எண்ணையும் கீழ் எண்ணையும் தனித்தனியாகப் பார்ப்பதைவிட 'மீன் பிரஷர்' என்னும் சராசரி அழுத்தத்தைப் பார்க்கிறார்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தில் மூன்றில் ஒரு பங்கைக் கீழ் எண்ணோடு கூட்டினால் அது கிடைக்கும். 120/80 என்றால் 93. 90/50 என்றால் 63. தொற்று முற்றி அதிர்ச்சி நிலைக்குப் போனவர்களுக்கு முதல் இலக்கு 65 என்பது இன்றைய சர்வதேச வழிகாட்டுதல்.

குடும்பத்தின் கேள்வி இங்கேதான் வரும்: 65 போதும் என்றால், 80 இன்னும் நல்லதுதானே?

பிரான்சில் இதைச் சோதித்தே பார்த்தார்கள். 2014இல் வெளியான ஆய்வில் அதிர்ச்சி நிலையில் இருந்த 776 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதிக்கு 80 முதல் 85, மறு பகுதிக்கு 65 முதல் 70 என்று இலக்கு வைத்தார்கள். 28 நாளில் இறந்தவர்கள், ஏற்றிவைத்த பகுதியில் 36.6 சதவீதம், மற்றதில் 34 சதவீதம். வித்தியாசம் இருக்கிறது என்று சொல்ல முடியாத அளவு நெருக்கம். ஆனால் இன்னொரு கணக்கும் அதில் இருந்தது. புதிதாக ஏஎஃப் வந்தவர்கள் ஏற்றிவைத்த பகுதியில் 6.7 சதவீதம், மற்றதில் 2.8. அழுத்தத்தை ஏற்றப் போட்ட மருந்தின் கூலியை இதயத் தாளம் கொடுத்திருக்கிறது. 2020இல் வெளியான பிரிட்டன் ஆய்வு இன்னும் ஒரு படி கீழே இறங்கிப் பார்த்தது. 65 வயதைத் தாண்டிய 2,600 பேரில் ஒரு பாதிக்கு 60 முதல் 65 வரை இருந்தால் போதும் என்று விட்டார்கள். 90 நாளில் இறப்பு 41 சதவீதம். வழக்கப்படி வைத்தியம் பெற்றவர்களில் 43.8. மருந்தைக் குறைத்ததால் கெடுதல் ஏதும் தெரியவில்லை.

எண் திருந்தியும் ஆள் பிழைக்காத கதைகள் மருத்துவத்தில் இதற்கு முன்பும் உண்டு. ரத்தக் குழாய்களைத் தளர்த்தும் நைட்ரிக் ஆக்சைடைத் தடுத்தால் பிபி ஏறும் என்று ஒரு மருந்தை 797 பேரிடம் சோதித்தார்கள். 2004இல் முடிவு வந்தது. பிபி சொன்னபடி ஏறியது. மருந்து வாங்கியவர்களில் 59 சதவீதம் பேர் இறந்தார்கள், வாங்காதவர்களில் 49. தாளத்திலும் இதே அனுபவம்தான். மாரடைப்புக்குப் பிறகு வரும் தப்புத் துடிப்புகளை அடக்கும் மாத்திரைகளை அமெரிக்காவில் ஏராளமானவர்கள் விழுங்கிக்கொண்டிருந்த காலத்தில், அவற்றை ஒழுங்கான சோதனைக்கு உட்படுத்தினார்கள். 1991இல் முழு முடிவு வந்தபோது, மாத்திரை சாப்பிட்ட பக்கம் 63 சாவு, வெறும் மாத்திரை சாப்பிட்ட பக்கம் 26. ஈசிஜி மட்டும் அழகாக இருந்தது.

காளஹஸ்தி போன்ற ஊர்களுக்கு இதில் உடனே உறைக்க வேண்டிய விஷயம் டோபமின்.

பிபி இறங்கினால் டோபமின் டிரிப்ஸ் போடுவது இந்தியச் சிறு நகரங்களில் ஊறிப்போன பழக்கம். பழகிய மருந்து, சுலபமாகக் கிடைக்கும், கை நரம்பிலேயே போடலாம். அது அழுத்தத்தை ஏற்றும். கூடவே இதயத்தை விரட்டவும் செய்யும். 2010இல் வெளியான ஐரோப்பிய ஆய்வு, 1,679 பேரிடம் டோபமினையும் அதைப் போலவே பிபியை ஏற்றும் நோர்அட்ரினலினையும் ஒப்பிட்டது. டோபமின் போட்டவர்களில் 24.1 சதவீதம் பேருக்குத் தாளக் கோளாறு வந்தது, மற்றவர்களில் 12.4. ஏறக்குறைய இரண்டு மடங்கு, அதிலும் பெரும்பாலானது ஏஎஃப். இதயமே பலவீனமாகி அதிர்ச்சி நிலைக்குப் போனவர்களிடம் டோபமின் பக்கம் சாவும் அதிகம். இந்தியாவின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் நோர்அட்ரினலின் இருக்கிறது. "கழுத்து நரம்பில் சென்ட்ரல் லைன் போடாமல் அதைக் கொடுக்கக் கூடாதே" என்ற பழைய தயக்கத்துக்கும் பதில் வந்துவிட்டது. லைன் போடும்வரை நேரத்தை வீணாக்காமல் கையில் பெரிய நரம்பு ஒன்றில் தொடங்கிவிடுங்கள் என்று 2021 வழிகாட்டுதல் சொல்கிறது. ஊசி ஏறிய இடம் வீங்குகிறதா, வெளுக்கிறதா என்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்க வேண்டும், அவ்வளவுதான். படபடப்போடு வந்தவருக்கு இன்னமும் டோபமினையே முதலில் எடுப்பதற்கு நல்ல காரணம் எதுவும் மிச்சமில்லை.

மருந்துக்கு முன்னால் இன்னொரு முடிச்சு இருக்கிறது. தாளம் தப்பியதால் பிபி இறங்கியதா, பிபியை இறக்கிய நோயே தாளத்தையும் கெடுத்ததா? முதலாவது என்றால் மின்அதிர்ச்சி கொடுத்துத் தாளத்தைத் திருப்ப வேண்டும், தாமதிக்கக் கூடாது. இரண்டாவது என்றால் ஆன்டிபயாடிக், திரவம், பொட்டாசியம், மக்னீசியம். தொற்று அடங்காமல் ஷாக் கொடுத்தால் தாளம் திரும்பி வந்த வேகத்திலேயே மறுபடி தப்பும். துடிப்பைக் குறைக்கும் மருந்துகள் பிபியையும் சேர்த்து இறக்கும், பிபியை ஏற்றும் மருந்துகள் துடிப்பையும் சேர்த்து ஏற்றும் என்பதால், தப்பான பக்கம் ஊகித்தால் இரண்டும் கைவிட்டுப் போகும். பெரிய ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்த பிறகு இதைப் பிரித்துச் சொல்வது கடினம். எது முதலில் நடந்தது என்பதைப் பார்த்தவர் காளஹஸ்தியில் இருந்த டூட்டி டாக்டரோ ஆம்புலன்ஸில் கூட வந்த டெக்னீஷியனோதான். அவர்கள் நேரத்தோடு எழுதி வைத்த நாலு வரி, திருப்பதியில் எடுக்கும் எக்கோவைவிடப் பெறுமானம் உள்ளது.

எழுத வேண்டியதில் முதலாவது, அந்த ஆளுக்குப் பழக்கப்பட்ட பிபி. ஆந்திராவிலும் தமிழ்நாட்டிலும் 15 வயதைத் தாண்டியவர்களில் ஏறக்குறைய நாலில் ஒருவருக்கு ரத்த அழுத்தம் கூடுதல் என்று தேசியக் குடும்பநல ஆய்வு சொல்கிறது. பல வருஷம் 170இல் ஓடிய உடம்புக்கு 110 என்பது நல்ல எண்ணா? பிரெஞ்சு ஆய்வில் ஏற்கெனவே பிபி இருந்தவர்களை மட்டும் தனியாகப் பார்த்தபோது, அழுத்தத்தை ஏற்றிவைத்த பக்கம் டயாலிசிஸ் தேவைப்பட்டவர்கள் குறைவு. உயிர்ச்சேதத்தில் மாற்றமில்லை. பிரிட்டன் ஆய்விலோ அப்படிப்பட்டவர்களுக்கும் குறைந்த இலக்கால் கெடுதல் தெரியவில்லை. முரண்பாடுதான். கட்டிலருகே நிற்கும் டாக்டர் அந்த முரண்பாட்டை ஆளுக்கு ஆள் தீர்த்துக்கொள்ள வேண்டும். அதற்கு அவருக்கு வழக்கமான எண் தெரிந்தாக வேண்டும்.

அது தெரிய வழியில்லாத இடத்தில் விரல் நுனி உதவும். அர்ஜென்டினா, சிலி உள்ளிட்ட ஐந்து தென் அமெரிக்க நாடுகளில் 424 பேரிடம் நடந்து 2019இல் வெளியான ஆய்வு ஒன்று. ஆள்காட்டி விரல் நுனியைக் கண்ணாடித் துண்டால் வெளுக்கும்வரை பத்து விநாடி அழுத்தி விட்டுவிட்டு, மூன்று விநாடிக்குள் சிவப்பு திரும்புகிறதா என்று பார்த்துச் சிகிச்சையை நடத்தினார்கள். மறு பக்கம் ரத்தத்தில் லாக்டேட் பரிசோதனையை வைத்து நடத்தினார்கள். விரலைப் பார்த்த பக்கம் 28 நாள் இறப்பு 34.9 சதவீதம், லாக்டேட் பக்கம் 43.4. புள்ளியியல்படி உறுதியான வெற்றி என்று சொல்லிவிட முடியாது. விலை உயர்ந்த பரிசோதனைக்கு விரல் நுனி தோற்கவில்லை என்று தாராளமாகச் சொல்லலாம். மானிட்டர் குழம்பும் ஏஎஃப் நோயாளியிடம் இதற்கு இரட்டிப்பு மதிப்பு.

இவ்வளவு சிகிச்சை ஆய்வுகளில் நம் ஊர் ஆய்வு ஒன்றுகூட இல்லையே என்று வாசகருக்குத் தோன்றினால் அது நியாயம். பாஸ்டன் நகரில் ஒரே ஓர் ஆஸ்பத்திரியின் ஐசியு பதிவுகளைப் பெயர் நீக்கி, மிமிக் என்ற பெயரில் உலக ஆய்வாளர்களுக்குத் திறந்துவிட்டிருக்கிறார்கள். தாளக் கோளாறும் தீவிர நோயும் சேர்ந்தவர்களுக்கு எந்த பிபி நல்லது என்ற கேள்விக்கு ஆசியாவிலிருந்து எழுதுகிறவர்கள்கூட அந்தத் தரவை வைத்துத்தான் எழுதுகிறார்கள். பிபி குறைந்தவர்கள் அதிகம் சாகிறார்கள் என்பது அதில் சுலபமாகத் தெரியும். ஆனால் சாகப்போகிறவருக்கு பிபி இறங்கும் என்பது வராந்தா பெஞ்சில் இருப்பவருக்கே தெரிந்த சேதி. ஏற்றினால் பிழைப்பாரா என்பதைப் பதிவேடு சொல்லாது.

தவிர, பாஸ்டன் நோயாளி வேறு, நம் நோயாளி வேறு. இந்திய இதயத் தாளச் சங்கம் 1,500க்கும் மேற்பட்ட ஏஎஃப் நோயாளிகளைப் பதிவு செய்தபோது சராசரி வயது 55ஐக்கூடத் தொடவில்லை. கிட்டத்தட்டப் பாதிப் பேருக்குச் சின்ன வயதில் வந்த ருமாட்டிக் காய்ச்சலால் வால்வு கெட்டிருந்தது. சுருங்கிய வால்வோடு இருக்கும் பெண்ணுக்குத் துடிப்பு ஏறினால் நுரையீரலில் நீர் கோத்துவிடும். பணக்கார நாட்டு முதியவருக்காக எழுதிய இலக்கு அவளுக்கு அப்படியே பொருந்தும் என்று நினைக்க ஆதாரம் இல்லை. 2019இல் தொடங்கிய ஐரிஸ் என்னும் இந்தியத் தீவிர சிகிச்சைப் பதிவேடு சென்னை டாக்டர்களின் முயற்சியில், கொழும்புக் குழுவின் தொழில்நுட்பத் துணையோடு வளர்ந்துவருகிறது. ஏழை நாடுகளின் ஐசியுக்கள் தங்கள் கணக்கைத் தாங்களே எழுதத் தொடங்கியிருப்பது பெரிய விஷயம். ஆனால் ஐசியு வாசலுக்கு முந்தைய இரண்டு மணி நேரம் எந்தப் பதிவேட்டிலும் ஏறுவதில்லை.

சின்ன ஆஸ்பத்திரியில் உட்கார்ந்து எழுதினால் என்ன ஆகும் என்பதற்கு மகாராஷ்டிரத்தின் ஹிம்மத்ராவ் பவாஸ்கர் சாட்சி. 1970களின் பிற்பகுதியில் ராய்கட் மாவட்டத்துப் பிர்வாடி ஆரம்ப சுகாதார நிலையத்தில் இருந்தார். தேள் கொட்டி வந்தவர்கள் பத்துக்கு மூன்று நான்கு பேர் செத்துக்கொண்டிருந்த இடம். பவாஸ்கர் கட்டிலருகிலேயே இருந்து பிபியையும் துடிப்பையும் மணிக்கணக்கில் குறித்தார். முதலில் வியர்வை, பிபி எகிறல், தாளக் கோளாறு; பிறகு இதயம் ஓய்ந்து நுரையீரலில் நீர்; கடைசியில்தான் பிபி சரிவு. சரிந்த எண்ணைப் பார்த்து ஏற்றுகிற மருந்தைத் தேடாமல், இறுகிக் கிடந்த ரத்தக் குழாயைத் தளர்த்தும் பிராசோசின் என்ற சாதாரண பிபி மாத்திரையைக் கொடுத்தார். இறப்பு ஏறக்குறைய ஒரு சதவீதத்துக்கு வந்தது. 2022இல் பத்மஸ்ரீ கிடைத்தது. எது முதலில், எது பிறகு என்று வரிசையாக எழுதி வைத்ததில்தான் அவருக்குச் சிகிச்சையே கிடைத்தது.

தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் பிபி மாத்திரை வீடு தேடி வருகிறது, அளவும் பதிவாகிறது. அப்படி மாத்திரை வாங்கும் பாட்டி ஒருவர் ஆந்திர எல்லை தாண்டிக் காளஹஸ்தியில் மயங்கி விழுந்தால், அந்தப் பதிவு டூட்டி டாக்டர் கண்ணில் படாது. ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் திட்டம் இதைச் சரிசெய்யும் என்கிறார்கள். செய்யும்வரை, மாத்திரை அட்டையையும் கடைசியாகப் பார்த்த பிபியையும் மகனோ மருமகளோ ஃபோனில் படம் எடுத்து வைத்துக்கொள்வது நல்லது. காலை மாத்திரையை விரதத்துக்காகத் தள்ளிப்போடலாமா என்பதையும் பூசாரியைக் கேட்காமல் டாக்டரைக் கேட்க வேண்டும்.

அரசு செய்ய வேண்டியது அதைவிடச் சுலபம். ரெஃபரல் சீட்டில் இன்று பெயர், வயது, ஒரு பிபி, ஒரு பல்ஸ், "மேல்சிகிச்சைக்கு அனுப்பப்படுகிறது" என்ற வாசகம் ஆகியவற்றோடு கட்டம் முடிந்துவிடுகிறது. அதில் வழக்கமான பிபிக்கு ஒரு கட்டம், ஈசிஜி துண்டை ஒட்ட ஓர் இடம், படபடப்பும் பிபி சரிவும் தொடங்கிய நேரத்துக்குத் தனித்தனி வரி, கையால் எடுத்த மூன்று அளவுகள், போட்ட மருந்தின் பெயரும் வேகமும், விரல் நுனி சிவக்க எடுத்த விநாடி ஆகியவற்றைச் சேர்த்தால் போதும். ஒரே பக்கத்தில் அடங்கும். இதற்குச் சட்டசபையில் தீர்மானம் போட வேண்டியதில்லை. மாவட்ட மருத்துவ அதிகாரியின் ஒரு சுற்றறிக்கையும் அச்சகத்தில் இரண்டு நாளும் போதும். காளஹஸ்தி, புத்தூர், சத்தியவேடு என்று மூன்று ஊர்களில் தொடங்கி, ஆறு மாதம் கழித்து அந்தச் சீட்டுகளை ஸ்விம்ஸிலும் ருயாவிலும் உட்கார்ந்து ஒருவர் புரட்டிப் பார்க்கட்டும்.